எல்லார் தலைக்கும் ஒரே தொப்பி: அளந்து தைத்தால்தான் ஃப்ரீ சைஸ்



குழுக்கள் சேர்ந்து செய்யக்கூடிய சிறுதொழில்களைப் பற்றி நமது இதழில் தொடர்ந்து படித்து வருகிறோம். இந்த முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பொருள். சமையல் கூடத்திலும், மசாலா அரைக்கும் இடத்திலும், ஊறுகாய் பாக்கெட் போடும் இடத்திலும் பெண்கள் தலையில் போட்டுக்கொள்ளும் துணித் தொப்பி. தையல் மெஷின் உள்ள எந்தக் குழுவும் இதைத் தைக்கலாம். ஒரு சகோதரிக்கு முன் அனுபவம் இருந்தால் போதும், மற்றவர்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம்.

"தொப்பிதானேக்கா, அதுல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஒரே அளவில் தைத்த தொப்பி, ஒல்லியான தலைக்கும் பெரிய தலைக்கும், குட்டை முடிக்கும் கொண்டை முடிக்கும் சரியாக உட்கார வேண்டும். அந்த ஒரு விஷயத்தில்தான் ஆர்டர் நிற்பதும் திரும்பி வருவதும் இருக்கிறது.

இந்தத் தொப்பி ஏன் தேவை?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2006இல் வந்தது. அதன் கீழ் உரிமம், பதிவு ஆகியவற்றுக்கான விதிமுறைகள் 2011இல் வந்தன. அந்த விதிமுறைகளின் 4ஆம் அட்டவணையில் உணவைக் கையாளுபவர்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. பெரிய கம்பெனிக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை இது. சுத்தம், சுகாதாரம் என்பது வீட்டில் வைத்து மசாலாப் பொடி, வடகம், அதிரசம் செய்து விற்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. அதில் பள்ளிகளில் சமைக்கும் பொறுப்பு சுய உதவிக் குழுப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆக, தொப்பி போட வேண்டியவர்களும் நம் சகோதரிகள்தான், தைக்கக்கூடியவர்களும் நம் சகோதரிகள்தான். இந்தச் சந்தை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் சமையல் செய்யும் இடங்களுக்குப் போனால் நாங்கள் அடிக்கடி பார்ப்பது என்ன? தொப்பி ஆணியில் தொங்கும். யாராவது பார்வைக்கு வந்தால் எடுத்து மாட்டிக்கொள்வார்கள். கேட்டால், "இறுக்குதுக்கா, அரை மணி நேரத்துல தலைவலி வந்துடுது" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு நிக்கவே மாட்டேங்குது, குனிஞ்சா குழம்புல விழுந்துடும் போலிருக்கு" என்று இன்னொருவர் சொல்வார். இருவர் கையிலும் இருப்பது ஒரே கடையில் வாங்கிய ஒரே தொப்பிதான். சோம்பேறித்தனம் என்று நாம் அவர்களைச் சொல்லக் கூடாது. தொப்பி சரியில்லை.

பாவாடை நாடா சொல்லும் பாடம்

ஒரே உடுப்பு பல அளவு உடம்புக்குப் பொருந்துவது நமக்குப் புதிது இல்லை. நாம் தினமும் கட்டும் உள்பாவாடையை நினைத்துப் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை விடத் துணி அதிகமாக இருக்கிறது. அதை நாடா சுருக்கிப் பிடிக்கிறது. பிள்ளை உண்டாகி இடுப்பு பெருத்தாலும் அதே பாவாடை, இளைத்தாலும் அதே பாவாடை. நாடாவை எவ்வளவு இழுக்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது.

தொப்பியிலும் இதே கதைதான். நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக். நாம் கையால் இழுத்துக் கட்டுவதை எலாஸ்டிக் தானே செய்துகொள்கிறது. ஆகவே முதல் விதி இதுதான்: பெரிய தலைக்குத் துணி வெட்ட வேண்டும், சிறிய தலைக்குச் சுருங்க வைக்க வேண்டும்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நடுத்தரமான ஒரு தலைக்கு வெட்டிவிட்டு, "எலாஸ்டிக் இருக்குல்ல, இழுத்துக்கும்" என்று நினைக்கிறார்கள். எலாஸ்டிக் இருக்கிற துணியைச் சுருக்கும். இல்லாத துணியை உண்டாக்காது. பாப்ளின் துணி இழுபடாது. அது எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் விரியும்.

ஒரு கிராமத்தில் ஒரு குழு 100 தொப்பிக்கு ஆர்டர் எடுத்தது. குழுவில் உள்கடன் வாங்கித் துணி எடுத்தார்கள். கடையில் வாங்கிய ஒரு தொப்பியைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்து எல்லாவற்றையும் வெட்டினார்கள். தையல் சுத்தமாக இருந்தது. ஆனால் போட்டுப் பார்த்தபோது கொண்டை போட்ட பெண்களில் பலருக்கு ஏறவில்லை. வாங்கியவர்கள் பாதிக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதலில் எலாஸ்டிக்கை மட்டும் நீளமாக மாற்றிப் பார்த்தார்கள், பலன் இல்லை. குறைவாக இருந்தது துணி. கடைசியில் ஒவ்வொரு தொப்பியின் பின்பக்கத்தையும் பிரித்து, நடுவில் ஒரு பட்டைத் துணி சேர்த்து, எலாஸ்டிக்கையும் மாற்றித்தான் கொடுக்க முடிந்தது. ஒரு வாரக் கூலி அதில் போனது. அவர்கள் தையல் தெரியாதவர்கள் இல்லை. போடப் போகிற தலைகளை அளக்கவில்லை, அவ்வளவுதான்.

தலையை எப்படி அளப்பது?

இஞ்ச் டேப்பின் ஒரு பக்கம் இஞ்ச், மறுபக்கம் செ.மீ. இருக்கும். இந்தப் பாடத்தில் செ.மீ. பக்கத்தையே பயன்படுத்துகிறோம். கால், அரைக்கால் என்ற குழப்பம் வராது.

ஒவ்வொருவரிடமும் இரண்டு அளவு எடுக்க வேண்டும்.

1. சுற்றளவு: புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப்பை வையுங்கள். காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின் தலையைச் சுற்றி எடுங்கள். தாழ்வாகக் கொண்டை போடுபவர் என்றால் டேப் கொண்டைக்குக் கீழே போக வேண்டும், ஏனென்றால் கொண்டை தொப்பிக்குள் இருக்கப் போகிறது. டேப்பை இறுக்க வேண்டாம், தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

2. முன்பின் நீளம்: நெற்றியில் முடி தொடங்கும் இடத்திலிருந்து, உச்சந்தலை வழியாக, கொண்டைக்கு மேலாக, பின்கழுத்தில் முடி முடியும் இடம் வரை.

இந்த இரண்டாவது அளவை யாரும் எடுப்பதில்லை. ஆனால் நம் பெண்களுக்கு இதுதான் முக்கியம். தலை சின்னதாக இருந்தாலும் முடி அடர்த்தியாக இருப்பவருக்குத் தொப்பிக்குள் இடம் வேண்டும். கொண்டைக்கு இடம் இல்லை என்றால் தொப்பி மேலே மேலே ஏறி, கடைசியில் உச்சியில் போய் நிற்கும். பின்கழுத்து முடி எல்லாம் வெளியே தெரியும். அப்புறம் தொப்பி போட்டும் போடாத மாதிரிதான்.

வேலை நேரத்தில் எப்படி முடி கட்டுவார்களோ அப்படியே கட்டச் சொல்லி அளக்க வேண்டும். தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யும் இஸ்லாமியச் சகோதரிகளை அந்தத் துணியோடு அளக்க வேண்டும். கோயிலுக்கு மொட்டை போட்டவர் இருந்தால் அவரையும் விட்டுவிட வேண்டாம். உங்கள் பட்டியலில் மிகச் சிறிய அளவு அவருடையதாக இருக்கலாம்.

குறைந்தது 20 பேரையாவது அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வயதுப் பெண், வயதானவர், ஒல்லி, பருமன் என்று எல்லாரும் இருக்க வேண்டும். பிறகு நான்கு எண்களை மட்டும் பாருங்கள்: சுற்றளவில் மிகச் சிறியது, மிகப் பெரியது. முன்பின் நீளத்தில் மிகச் சிறியது, மிகப் பெரியது. சராசரி போட வேண்டாம். சராசரிக்குத் தைத்தால் சராசரி ஆளுக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

கணக்கு போடுவோம்

உதாரணத்திற்கு, உங்கள் நோட்டில் மிகச் சிறிய சுற்றளவு 51 செ.மீ., மிகப் பெரியது 58 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

அ. துணியின் முழுச் சுற்று = மிகப் பெரிய தலை + 2. அதாவது 58 + 2 = 60 செ.மீ. இந்த 2 செ.மீ. பெரிய தலைக்கு மூச்சு விட.

ஆ. சுருங்கிய சுற்று = மிகச் சிறிய தலை − 2. அதாவது 51 − 2 = 49 செ.மீ. இந்த 2 செ.மீ. சிறிய தலையைப் பிடித்துக்கொள்ள.

இ. எலாஸ்டிக் சுருக்க வேண்டிய அளவு = 60 − 49 = 11 செ.மீ.

இனி கேள்வி, இந்த 11 செ.மீ. சுருக்கத்தை எங்கே வைப்பது? நெற்றியில் எலாஸ்டிக் வைத்தால் கோடு விழும், தலை வலிக்கும். அதனால் முன்பக்கம் சமமான பட்டையாக இருக்கட்டும். எலாஸ்டிக் பின்பக்கம் மட்டும் போதும்.

பின்பக்கத்தில் எவ்வளவு நீளத்துக்கு? இங்கேதான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 8 செ.மீ. எலாஸ்டிக்கை 19 செ.மீ. துணியில் வைத்தாலும் 11 செ.மீ. சுருங்கும், கணக்கு சரிதான். ஆனால் 58 செ.மீ. தலையில் போடும்போது அந்த 8 செ.மீ. எலாஸ்டிக் 17 செ.மீ. வரை இழுபட வேண்டும். இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் இறுக்கும், சீக்கிரம் தளர்ந்தும் போகும்.

அதற்குப் பதில் 15 செ.மீ. எலாஸ்டிக்கை 26 செ.மீ. துணியில் வைத்துப் பாருங்கள். அதே 11 செ.மீ. சுருக்கம்தான். 58 செ.மீ. தலைக்கு எலாஸ்டிக் 24 செ.மீ. வரை போகும். அதாவது ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். 51 செ.மீ. தலைக்கு 17 செ.மீ. மட்டும். பெரிய தலைக்கும் வலி இல்லை, சிறிய தலைக்கும் பிடிப்பு உண்டு.

குழு வேலையை ஒருத்தி தலையில் கட்டினால் அவர் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார். 12 பேர் பகிர்ந்தால் வருஷக்கணக்கில் நடக்கும். எலாஸ்டிக்கும் அப்படித்தான். இழுப்பை நீளமாகப் பங்கு போட வேண்டும்.

ஆக நமது பட்டையின் அளவு:

ஈ. பின்பக்கத் துணி = 26 செ.மீ. (சுருங்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல்)
உ. எலாஸ்டிக் = 26 − 11 = 15 செ.மீ.
ஊ. முன்பக்கச் சமப் பட்டை = 60 − 26 = 34 செ.மீ.

உங்கள் நோட்டில் எண்கள் வேறாக இருந்தால் இதே வரிசையில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய தலைக்கும் பெரிய தலைக்கும் 7, 8 செ.மீ. வித்தியாசம் வரை ஒரே தொப்பி தாங்கும். அதற்கு மேல் போனால் இரண்டு அளவாகத் தைப்பதுதான் நேர்மை. எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லி யாருக்கும் பொருந்தாததைக் கொடுக்க வேண்டாம்.

உச்சித் துணியின் அளவு

முன்பின் நீளத்தில் மிகப் பெரியது 42 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தளர்வுக்கு 4 செ.மீ. சேர்த்தால் 46. பட்டை 5 செ.மீ. அகலம். முன்னால் 5, பின்னால் 5 என்று 10 செ.மீ. பட்டையே மூடிவிடும். மீதி 36 செ.மீ. இரண்டு பக்கமும் தையலுக்கு 1 செ.மீ. விட்டால் 38 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வெட்ட வேண்டும்.

துணி வாங்கும்போது

பருத்தி பாப்ளின் நல்லது. வேர்வையை உறிஞ்சும், துவைத்தால் அழுக்கு போகும். பளபளப்பாக இருக்கிறது என்று பாலியெஸ்டர் துணி வாங்க வேண்டாம். அடுப்புப் பக்கத்தில் நிற்பவர்களுக்கான பொருள் இது. பாலியெஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். வெளிர் நிறமாக இருந்தால் அழுக்கு தெரியும், உடனே துவைக்கத் தோன்றும்.

எலாஸ்டிக் 12 மி.மீ. அகலம், அதாவது அரை இஞ்ச், மென்மையானதாக இருக்கட்டும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு துண்டைச் சோதித்துப் பாருங்கள். 10 செ.மீ. எலாஸ்டிக்கை 17 செ.மீ. வரை இழுத்து, ஒரு பலகையில் இரண்டு முனையும் ஊசி குத்தி, ஒரு இரவு வைத்துவிடுங்கள். காலையில் எடுத்து அளந்தால் மறுபடியும் ஏறக்குறைய 10 செ.மீ.க்குத் திரும்பியிருக்க வேண்டும். 11 ஆகிவிட்டது என்றால் அந்த எலாஸ்டிக் வேண்டாம். விலை குறைவு என்று வாங்கினால் ஒரே மாதத்தில் தொப்பி தொளதொளத்துவிடும், பெயர் நமக்குத்தான் கெடும்.

வெட்டுதல்

துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். ஊறவைக்காமல் வெட்டினால் முதல் துவையலில் தொப்பி சுருங்கும். நாம் சேர்த்த 2 செ.மீ. தளர்வு அதிலேயே போய்விடும்.

ஒரு தொப்பிக்கு வேண்டியவை:
வட்டத் துணி: 38 செ.மீ. விட்டம், 1
பட்டைத் துணி: 62 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 1
எலாஸ்டிக்: 17 செ.மீ., 1 (இரண்டு முனையிலும் தையலுக்கு 1 செ.மீ. சேர்த்து)

10 தொப்பியாகச் சேர்த்து வெட்டினால் துணி வீணாகாது. சுருங்கிய பிறகு 88 செ.மீ. அகலம், 252 செ.மீ. நீளம் இருந்தால் போதும். 36 இஞ்ச் அகலத் துணியில் 2 மீட்டர் 75 செ.மீ. வாங்குங்கள். அகலவாக்கில் இரண்டு வட்டம், அப்படி 5 வரிசை வைத்தால் 10 வட்டம் வந்துவிடும். பக்கத்தில் 12 செ.மீ. அகலத்துக்கு நீளமாக மிஞ்சும் துணியில் 3 பட்டை. அடியில் மீதியுள்ள 62 செ.மீ. துணியில் 7 பட்டை. மொத்தம் 10. முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டி, தரையில் பரப்பிப் பார்த்துவிட்டுத் துணியில் கை வையுங்கள்.

தைக்கும் முறை

1. பட்டையில் சாக்குக்கட்டியால் குறி வையுங்கள். முனையிலிருந்து 1 செ.மீ. தையலுக்கு, அடுத்து 13 செ.மீ. பின்பக்கம், நடுவில் 34 செ.மீ. முன்பக்கம், மறுபடி 13 செ.மீ. பின்பக்கம், கடைசி 1 செ.மீ. தையலுக்கு.

2. பட்டையின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்குங்கள். இந்த இணைப்புதான் பின்பக்க நடு. பட்டையை மடித்தபின் உள்பக்கம் வரும் பாதியில், கீழ் மடிப்புக்குப் பக்கத்தில் 2 செ.மீ. மட்டும் தைக்காமல் விடுங்கள். எலாஸ்டிக் நுழைக்கும் வழி அது.

3. வட்டத் துணியின் ஓரத்தில் பெரிய தையல் போட்டுச் சுருக்குங்கள். பட்டையோடு சேர்க்கும்போது சுருக்கைச் சமமாகப் பரப்ப வேண்டாம். முன்பக்கம் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் வரட்டும். வட்டத்தின் தையல் சுற்று 113 செ.மீ. வரும். அதில் 50 செ.மீ. முன்பக்கப் பட்டைக்கு, 63 செ.மீ. பின்பக்கப் பட்டைக்கு என்று குறித்துக்கொண்டால் கொண்டைக்கு இடம் தானாகக் கிடைக்கும்.

4. பட்டையை உள்பக்கமாக மடித்து, ஓரத்தை 1 செ.மீ. உள்ளே தள்ளித் தையுங்கள். முடிந்த பட்டை 5 செ.மீ. அகலம் இருக்கும்.

5. பின்பக்க 26 செ.மீ.க்கு மட்டும், கீழ் ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. மேலே ஒரு தையல் ஓட்டுங்கள். பாவாடைக்கு நாடா கோர்க்கும் மடிப்பு மாதிரி ஒரு வழி கிடைக்கும்.

6. எலாஸ்டிக்கில் ஊக்கு குத்தி, விட்டு வைத்த வழியாக உள்ளே விடுங்கள். ஒரு முனை இடது குறிக்குப் போனதும் மேலிருந்து கீழாகத் தைத்துப் பிடியுங்கள். மறுமுனையில் ஊக்கை மாட்டி வலது குறிக்குக் கொண்டுபோய் அதே மாதிரி தையுங்கள். எலாஸ்டிக் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்து நீளமாகத் தைக்காதீர்கள். இரண்டு முனையில் மட்டும் பிடித்திருந்தால், நாளை அது தளர்ந்துபோனால் இரண்டு தையலைப் பிரித்துப் புதிது மாற்றிக்கொள்ளலாம். துணி இரண்டு வருஷம் உழைக்கும், எலாஸ்டிக் அவ்வளவு உழைக்காது. ஒன்றுக்காக இன்னொன்றைத் தூக்கிப் போடக் கூடாது.

பனியன் துணியில் தைப்பதானால்

சிலர் பனியன் துணியில் தொப்பி கேட்பார்கள். திருப்பூர்ப் பக்கம் இந்தத் துணி கிலோ கணக்கில் விற்கிறது. இங்கே கணக்கு மாறுகிறது. பனியன் துணி தானே இழுபடும். ஆகவே சிறிய தலையை விடவும் சிறியதாக வெட்ட வேண்டும்.

துணியைக் குறுக்கே பிடித்து 10 செ.மீ. குறி வைத்து இழுத்துப் பாருங்கள். எளிதாக 14 செ.மீ. வரை போய், விட்டதும் பழையபடி 10க்கு வந்தால் நல்ல துணி. 51 முதல் 58 செ.மீ. தலைக்கு 47 செ.மீ. சுற்று இருந்தால் போதும். 58 செ.மீ. தலையில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் இழுபடும். அதிகம் இழுபடும் பக்கம் தலையைச் சுற்றி வர வேண்டும். நீளவாக்கில் வெட்டிவிட்டால் தொப்பி மேலும் கீழும் இழுபடும், சுற்றி இழுபடாது.

சாதா நேர்த்தையல் போட்டால், தொப்பியை இழுத்து மாட்டும்போது நூல் படீரென்று அறுந்துவிடும். ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் தையல்தான் வேண்டும். பனியன் துணிக்கென்று உள்ள முனை மழுங்கிய ஊசியைப் போடுங்கள். கூர் ஊசி இழையைக் குத்தி ஓட்டை போடும்.

பிறந்த குழந்தைக்குத் தொப்பி தைப்பதானால் எலாஸ்டிக்கும் வேண்டாம், கட்டும் கயிறும் வேண்டாம். மென்மையான பனியன் துணி மட்டும் போதும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலை ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும். ஒரு வயதில் 45, 46 செ.மீ. ஆகிவிடும். அந்த வளர்ச்சிக்கு ஒரே தொப்பி போதாது. இரண்டு மூன்று அளவில் தைத்து, பாக்கெட் மேல் அளவை எழுதி விற்க வேண்டும்.

அட்டை வளையச் சோதனை

தைத்து முடித்த ஒவ்வொரு தொப்பியையும் ஆள் தலையில் போட்டுப் பார்க்க முடியாது, சுகாதாரமும் இல்லை. கெட்டி அட்டையில் இரண்டு வளையம் செய்துகொள்ளுங்கள். ஒன்றின் வெளிச்சுற்று 51 செ.மீ., இன்னொன்று 58 செ.மீ. தொப்பியைச் சிறிய வளையத்தில் மாட்டித் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. பெரிய வளையத்தில் மாட்டினால் தையல் விண்ணென்று நிற்காமல் எளிதாக ஏற வேண்டும். இரண்டிலும் தேறினால்தான் கட்டில் சேர்க்க வேண்டும். இந்த வேலையைத் தைத்தவர் செய்யாமல் வேறொருவர் செய்யட்டும்.

முதல் மாதிரித் தொப்பியை மட்டும் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். குழுவிலேயே மிகச் சிறிய தலை உள்ளவரும், பெரிய தலை உள்ளவரும், பெரிய கொண்டை உள்ளவரும் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு வேலை செய்யட்டும். குனியட்டும், நிமிரட்டும். கழற்றியபின் நெற்றியில் ஆழமான சிவப்புக் கோடு இருந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள். நெற்றியிலோ கழுத்திலோ முடி வெளியே வந்திருந்தால் உச்சித் துணியின் அளவைக் கூட்டுங்கள்.

விலை வைப்பது

கீழே உள்ள விலைகள் கணக்கு முறையைக் காட்ட மட்டும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

துணி: மீட்டர் ரூ.80 என்றால் 2.75 மீட்டர் ரூ.220. ஒரு தொப்பிக்கு ரூ.22.00
எலாஸ்டிக்: ரூ.1.40
நூல், ஊசி, கரண்டு: ரூ.2.00
கூலி: 20 நிமிடம், மணிக்கு ரூ.60 வீதம்: ரூ.20.00
பாக்கெட், பஸ் செலவு: ரூ.2.00
சேதாரம்: ரூ.2.40
அடக்க விலை: ரூ.49.80, அதாவது ரூ.50
குழுவின் பங்கு 10 சதவீதம்: ரூ.5
விற்கும் விலை: ரூ.55

இதில் கூலி என்ற வரியை அழித்துவிட்டு, "நாமதானே தைக்கிறோம்" என்று ரூ.35க்கு விற்கும் குழுக்கள் உண்டு. ஆர்டர் கிடைக்கும், கையில் ஒன்றும் நிற்காது. நம் உழைப்புக்கு நாமே விலை போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

ஆர்டர் எடுக்கும்போது மாதிரித் தொப்பி ஒன்றைக் காட்டி, வாங்குபவரிடம் அதில் கையெழுத்து வாங்கி, குழுவில் பத்திரமாக வையுங்கள். எத்தனை தொப்பி, என்ன விலை, எந்தத் தேதி, எவ்வளவு முன்பணம் என்று எழுத்தில் இருக்கட்டும். கூடவே, யார் போடப் போகிறார்கள், அவர்களில் ஒரு 10 பேரையாவது அளக்க முடியுமா என்றும் கேளுங்கள். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் மேல் மதிப்புதான் கூடும்.

தொப்பியோடு ஒரு சின்னத் துண்டுச் சீட்டு வையுங்கள்: தினமும் துவைக்கவும். கொதிக்கும் நீரில் போட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் போட வேண்டாம். எலாஸ்டிக் பகுதியை முறுக்கிப் பிழிய வேண்டாம். சூடும் பிளீச்சிங்கும் எலாஸ்டிக்கின் ரப்பரைக் கெடுத்துவிடும். ஒருவருக்கு இரண்டு தொப்பி இருந்தால் ஒன்று காயும்போது இன்னொன்றைப் போடலாம். ஒருவர் போட்டதை இன்னொருவர் போட வேண்டாம் என்பதையும் எழுதுங்கள்.

ஞாபகம் வைக்க

* பெரிய தலைக்கு வெட்டு, சிறிய தலைக்குச் சுருக்கு.
* எலாஸ்டிக் பின்பக்கம், நெற்றி சமம்.
* குட்டை எலாஸ்டிக் இறுக்கும், நீள எலாஸ்டிக் பிடிக்கும்.
* கொண்டையையும் சேர்த்து அள.
* ஊறவைத்த பிறகு வெட்டு.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் பகுதியில் உணவுப் பொருள் செய்யும் குழுக்கள் எத்தனை? அவர்கள் இப்போது தொப்பி போடுகிறார்களா? போடாவிட்டால் ஏன்?
2. நம் குழுவில் வெட்டுபவர், தைப்பவர், சோதிப்பவர், கணக்கு எழுதுபவர் என்று யார் யாருக்கு என்ன வேலை?
3. சிறிய சுற்றளவு 50, பெரிய சுற்றளவு 56 என்றால் துணிச் சுற்று, எலாஸ்டிக், பின்பக்கத் துணி எவ்வளவு? ஊக்குநரோ பிரதிநிதியோ மட்டும் போடாமல், எல்லாரும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் 20 பேரை அளந்து நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் எழுத வேண்டாம், அளவு போதும். எல்லாக் குழுக்களின் நோட்டையும் சேர்த்தால் நம் பகுதிப் பெண்களின் தலை அளவு நம் கையில் இருக்கும். கடையில் வாங்கிய தொப்பியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் அதன் பிறகு நமக்கு இருக்காது.